செக்ரோலும் செய்நிரலும்



இலங்கையில் வாணிப நோக்குடன் தேயிலை முதன்முதலாகப் பயிரிடப்பட்ட ஆண்டு 1867. கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர், 19 ஏக்கர் நிலத்தில் அதனை நட்டார். அதற்குச் சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 1967 இல், நோர்வே நாட்டின் தலைநகராகிய ஒஸ்லோவில், ஒலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்னும் அறிஞர் இருவர் 'சிமூலா 67' என்ற கணினி மொழியை வகுத்தனர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு ஏதும் இல்லை என்பது வெளிப்படை. ஆயினும், நுவரெலியாவிலோ ஹட்டனிலோ ஒரு தோட்டத்து லயத்திலிருந்து புறப்பட்டு, உயர்கல்வி நிலையம் ஒன்றிற் கணினியியல் கற்கச் செல்லும் மாணவியின் வாழ்வில் இவ்விரண்டும் வந்து சந்திக்கின்றன.

அத்தகைய மாணவி ஒருத்தியை மனத்திற் கொள்வோம். க. பொ. த. உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தியவள். தாய் கொழுந்து பறிப்பவள். முதலாண்டிலேயே அவளுக்கு ஒரு பாடநெறி வாய்க்கின்றது. 'பொருள்நோக்குச் செய்நிரலாக்கம் - ஓர் அறிமுகம்' என்பது அதன் பெயர். விடுமுறைக்கு வீடு வந்தவளிடம், "என்ன படிக்கிறாய், மகளே?" என்று தாய் கேட்டால், அவள் என்ன விடை கூறுவாள்? அந்த விடையைத் தாய்க்கு விளங்கும் வகையிலே கூற முயல்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும். தாய்க்கு விளங்கக் கூற இயலாத ஒன்றை மகளும் முற்றாக விளங்கிக்கொள்ளவில்லை என்றே கொள்ளலாம் அல்லவா?

முதலாவதாக, செய்நிரல் என்பது யாது? கணினி தானாக எதனையும் அறியாது. இன்னதைக் கூட்டு, இன்னதைக் கழி, இன்ன நிலைமை ஏற்பட்டால் இன்னது செய் என்று படிப்படியாக எழுதிக் கொடுக்கப்படும் கட்டளைகளின் தொகுதியே செய்நிரல். அதனை எழுதும் கலை செய்நிரலாக்கம். தொடக்க காலத்திற் செய்நிரல்களை ஒரே நீண்ட கட்டளைத் தொடராக எழுதி வந்தனர். ஒருபுறம் எண்களும் பெயர்களுமாகிய தரவுகள். மற்றொருபுறம் அவற்றைக் கையாளும் கட்டளைகள். எந்தக் கட்டளையும் எந்தத் தரவையும் தொடலாம், மாற்றலாம். சிறிய வேலைக்கு இது போதும். வேலை பெருகப் பெருக, எது எதனை மாற்றியது என்று கண்டறிவது அரிதாகிவிடும்.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஒரு தோட்டத்துச் சம்பளச் செய்நிரலிலே, கவனமின்றி, பத்து இடங்களில் 1,000 என்ற எண் எழுதப்பட்டிருந்ததாகக் கொள்வோம். ஒன்பது இடங்களில் திருத்தியவர் பத்தாவதை மறந்துவிட்டார். விளைவு யாது? அந்தப் பத்தாவது இடத்தால் ஆளப்படுவோர் பழைய சம்பளமே பெறுவர். செய்நிரலிலே வழு ஒன்று. அடுப்படியிலே உலை ஒன்று குறைவு. இவ்வாறான குழப்பங்களுக்கு இடங்கொடாது செய்நிரலை ஒழுங்குபடுத்தும் வழிகளில் ஒன்றே பொருள்நோக்கு முறை.

இனி, அம்முறையின் அடிப்படைக்கு வருவோம். தோட்டத்தில் வாழ்ந்த எவரும் செக்ரோலை அறிவர். தொழிலாளர் பெயர், இலக்கம், வேலை செய்த நாட்கள், பறித்த கொழுந்தின் நிறை, பிடிபணம் என்று தலைப்புகள் அச்சிட்ட பேரேடு அது. எவர் பெயரும் எழுதப்படாத வெறும் ஏட்டை எண்ணிப் பாருங்கள். அதிலே தலைப்புகள் உண்டு. ஆள் எவரும் இல்லை. 'ஒரு தொழிலாளியைப் பற்றி இன்னின்ன விவரங்கள் வேண்டும்' என்ற விதி மாத்திரமே உண்டு. கணினியியலார் இதனை 'வகுப்பு' என்பர். இனி, ஒவ்வொரு வரியிலும் ஒருவர் பெயர் ஏறுகின்றது; அவரவர் நாட்களும் நிறையும் ஏறுகின்றன. இப்படி நிரப்பப்பட்ட வரி ஒவ்வொன்றும் ஒரு 'பொருள்'. தலைப்பு ஒன்று, வரிகளோ ஐந்நூறு. வகுப்பு ஒன்று, பொருள்கள் பல.

அறிமுகப் பாடநெறியில் மாணவர் முதன்முதல் இடறும் இடம் இதுவே. வகுப்பையும் பொருளையும் ஒன்றெனக் கொண்டு, ஒருவருக்கே உரிய விவரத்தை எல்லோருக்கும் பொதுவான இடத்தில் எழுதிவிடுவர். ஒருவரின் பதினெட்டுக் கிலோவைத் தலைப்புக்கு நேரே எழுதினால், ஏட்டிலுள்ள அத்தனை பேரும் அதே பதினெட்டுக் கிலோ பறித்தவராகிவிடுவர். செக்ரோலைக் கண்ணாற் கண்ட பிள்ளை இந்தத் தவறைச் செய்யமாட்டாள். செய்தாலும் விரைவில் உணர்ந்துகொள்வாள்.

ஆனால், கடதாசிச் செக்ரோலுக்கும் கணினிப் பொருளுக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. கடதாசியிலுள்ள வரி ஊமை. அதனைக் கணக்கிடக் கணக்கப்பிள்ளை வேண்டும். பொருள்நோக்கு முறையிலோ, ஒவ்வொரு வரிக்கும் தன் கணக்கைத் தானே பார்க்கும் ஆற்றல் வழங்கப்படுகின்றது. "உன் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டால், அப்பொருள் தன்னிடமுள்ள நாட்களையும் நிறையையும் கொண்டு கணக்கிட்டு விடை தருகின்றது. தரவும் அதனைக் கையாளும் செயலும் ஒரே இடத்தில், ஒன்றையொன்று பிரியாது குடியிருக்கின்றன. இம்முறையின் உயிர்நாடி இதுவே எனலாம். மேலே கூறிய சம்பள எண்ணும் இவ்வாறே ஓரிடத்தில் இருந்து, கேட்போர்க்கெல்லாம் விடை கூறும். மாற்ற வேண்டியது அந்த ஓரிடத்தை மாத்திரமே.

இதிலிருந்து பிறப்பது 'உறையிடல்' என்னும் கொள்கை. கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைவு கூருங்கள். மலையிலிருந்து இறங்கிய கூடையும் சாக்கும் தராசிலே தொங்குகின்றன. சாக்கின் பாரத்துக்கென ஒரு கழிவு, மழை நாளில் ஈரத்துக்கென ஒரு கழிவு. எவ்வளவு கழிக்கப்பட்டது, ஏன் கழிக்கப்பட்டது என்பதைப் பற்றி நிறுப்பவருக்கும் பறித்தவருக்கும் இடையே எழும் வாக்குவாதம் மலையகத்துக்குப் புதியதன்று. இப்பொழுது, நிறை என்னும் விவரத்தைச் செய்நிரலில் எவரும் நேரடியாகத் தொட இயலாதவாறு பொருளின் உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம். அதனை மாற்றும் வழி ஒன்றே. 'நிறை பதிவு செய்' என்னும் கதவு. அக்கதவின் வழியே வருபவர், நிறுத்த நிறை எவ்வளவு, கழித்தது எவ்வளவு, கழித்த காரணம் யாது, நேரம் எது என்று நான்கையும் கூறியே ஆகவேண்டும் என்று விதிக்கலாம். காரணம் கூறாதவரை அக்கதவு திருப்பியனுப்பிவிடும்.

எனினும், பூட்டு என்பது இருமுனையுள்ள கருவி என்பதை மாணவர் மறத்தலாகாது. வெளியாரின் கைபடாமற் காக்கும் அதே பூட்டு, உரியவரின் கண்படாமலும் மறைக்கக்கூடும். ஆகவே, 'நிறை பதிவு செய்' என்ற கதவுடன், 'என் கணக்கைக் காட்டு' என்ற சாளரம் ஒன்றும் வேண்டும். அதனைத் திறப்பதா, மூடுவதா என்பதைக் கணினி தீர்மானிப்பதில்லை. வகுப்பை எழுதுபவரே தீர்மானிக்கின்றார்.

அடுத்தது 'மரபுரிமை'. இதனை விளக்க நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியத்து மரபியலிலே உயிர்கள் அறிவின் அடிப்படையில் வகுக்கப்பட்டிருப்பதைப் பலரும் அறிவர். புல்லும் மரமும் ஊற்றுணர்வு ஒன்றே உடையன. நத்தை முதலியவற்றுக்கு அதனோடு சுவையுணர்வும் உண்டு. எறும்பு போல்வனவற்றுக்கு அவ்விரண்டோடு மோப்பமும், நண்டும் தும்பியும் போல்வனவற்றுக்கு அம்மூன்றோடு பார்வையும், விலங்குகளுக்கு அந்நான்கோடு கேள்வியும், மக்களுக்கு அவ்வைந்தோடு மனமும் உண்டு. ஒவ்வொரு படியும் முந்திய படியின் உடைமைகளைக் கைவிடாது, புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்கின்றது. கணினி மொழியில் மரபுரிமை என்பதும் இவ்வாறு வளர்வதே. 'தொழிலாளி' என்பது பொது வகுப்பு. பெயரும் இலக்கமும் நாட்களும் அதில் உண்டு. 'கொழுந்து பறிப்பவர்' என்பது அதிலிருந்து பிறந்த வகுப்பு. நிறை என்பதை அது கூடுதலாகப் பெறும். 'ஸ்டோர் தொழிலாளி' என்பது மற்றொன்று. வாட்டுதல், அரைத்தல், உலர்த்துதல், சலித்தல் என எப்பகுதியில் வேலை என்பதையும் இரவு வேலையா, பகல் வேலையா என்பதையும் அது கூடுதலாகப் பெறும். பொதுவானதை ஒருமுறை எழுதினாற் போதும். வேறுபாட்டை மாத்திரம் தனித்தனியே எழுதலாம்.

இங்கும் ஓர் இடறல் உண்டு. தோட்டத்திலே தொழிலாளர் இருக்கின்றனர் என்பதனால், 'தொழிலாளி' என்ற வகுப்பைத் 'தோட்டம்' என்ற வகுப்பிலிருந்து பிறப்பித்துவிடும் மாணவர் உளர். 'இது அதன் ஒரு வகையா?' என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். கொழுந்து பறிப்பவர் தொழிலாளரில் ஒரு வகையினர். ஆகவே மரபுரிமை பொருந்தும். தொழிலாளி தோட்டத்தின் ஒரு வகை அல்லர். தோட்டத்துக்குத் தொழிலாளர் உளர், அவ்வளவே. ஆதலால் மரபுரிமை பொருந்தாது. 'ஒரு வகை' என்பதும் 'உடையது' என்பதும் வேறு வேறு. இவ்வொரு வேறுபாட்டைத் தெளிந்தவர் பாடநெறியின் பாதியைக் கடந்தவராவார்.

மூன்றாவது 'பல்லுருத்தன்மை'. பெயர் பெரிதாயினும் பொருள் எளிது. விடியற்காலைப் பெரட்டிலே, "வேலைக்குப் போங்கள்" என்று ஒரே கட்டளை பிறக்கின்றது. அதனைக் கேட்டவருள் ஒருவர் கூடையுடன் மலையேறுகின்றார். ஒருவர் கத்தியுடன் கவ்வாத்துக்குச் செல்கின்றார். ஒருவர் ஸ்டோருக்கு நடக்கின்றார். கட்டளை ஒன்று, அதை நிறைவேற்றும் விதம் அவரவர்க்குரியது. செய்நிரலிலும் அவ்வாறே. 'சம்பளம் கணக்கிடு' என்று எல்லாப் பொருள்களுக்கும் ஒரே கட்டளை. கொழுந்து பறிப்பவர் நிறையைச் சேர்த்துக் கணக்கிடுவார். ஸ்டோர் தொழிலாளி மேலதிக நேரத்தைச் சேர்த்துக் கணக்கிடுவார். நாளை புதிய வேலை ஒன்று தோன்றினால், அதற்கொரு வகுப்பை எழுதிச் சேர்த்தாற் போதும். பழைய கட்டளையைத் தொட வேண்டியதில்லை.

இம்முறை வளர்ந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். டாலும் நைகார்ட்டும் 1960 களின் தொடக்கத்திலிருந்தே, வரிசையில் நிற்கும் மக்கள், தொழிற்சாலை வேலைகள் ஆகியவற்றைக் கணினிக்குள்ளே நடத்திப் பார்ப்பதற்கு ஏற்ற மொழியொன்றைத் தேடி வந்தனர். உலகத்தில் நடமாடும் ஒவ்வொன்றையும் செய்நிரலிலும் தனித்தனி உருவாகவே அமைத்தால் என்ன என்ற எண்ணத்தின் விளைவே சிமூலா. 1970 களில், அமெரிக்காவின் ஸெரொக்ஸ் நிறுவனத்து ஆய்வு நிலையத்தில், அலன் கேயும் அவருடன் பணிபுரிந்தோரும் 'ஸ்மோல்டோக்' என்ற மொழியை ஆக்கினர். 1979 இல் பெல் ஆய்வுகூடத்தில் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் தொடங்கிய பணி 'சி பிளஸ் பிளஸ்' ஆக மலர்ந்தது. அவர் சிமூலாவிலிருந்து வகுப்பு என்ற கருத்தைப் பெற்றவர். கைடோ வான் ரொஸம் 1991 இல் வெளியிட்ட 'பைதன்', சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995 இல் வெளியிட்ட 'ஜாவா' ஆகிய இரண்டுமே உலகெங்கும் அறிமுகப் பாடநெறிகளிற் பெரிதும் வழங்குவன.

நம் நாட்டில் இக்கல்விக்கு வழிகள் பல உள. பல்கலைக்கழகங்களின் உள்வாரிப் பட்டங்களுடன், 2000 ஆம் ஆண்டிற் கொழும்புப் பல்கலைக்கழகம் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டமும், பல்கலைக்கழக அனுமதி கிடையாதவர்க்கு ஒரு கதவைத் திறந்தது. ஆனால், விரிவுரையும் பரீட்சையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுவன. தமிழில் உயர்தரம் கற்ற தோட்டத்து மாணவருக்கு, புதிய கருத்து ஒரு சுமை. அந்நிய மொழி மற்றொரு சுமை. இரண்டையும் ஒரே தோளில் ஏற்றினாற் கால் தள்ளாடுவது இயல்பே. அது அறிவின் குறையன்று.

ஆகவே மாணவருக்குச் சில யோசனைகள் கூற விரும்புகின்றேன். முதலிற் கருத்தைத் தாய்மொழியிலே தெளிந்துகொள்ளுங்கள். பிறகு ஆங்கிலச் சொல்லை அதற்கொரு பெயராக ஏற்றுக்கொள்ளுங்கள். கணினி முன் அமருமுன் கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிற் கணினி இல்லாதவர்க்கும், மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்படும் மலைப்பகுதியில் வாழ்பவர்க்கும் இது இழப்பன்று, நற்பழக்கமே. ஒப்படையிற் கூறப்பட்ட சிக்கலைச் சாதாரண வாக்கியங்களாக எழுதுங்கள். 'தொழிலாளி கொழுந்தைப் பறிக்கின்றார். நிறுப்பவர் நிறையைப் பதிகின்றார்.' இதிலுள்ள பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் வகுப்புகளாகவோ பண்புகளாகவோ அமையும். வினைச்சொற்கள் செயல்களாக அமையும். பெயரும் வினையும் பிரித்தறியத் தமிழிலக்கணம் கற்ற மாணவருக்கு இது புதிய வித்தையன்று. பின்னர், சிறிய வகுப்பு ஒன்றை எழுதி ஓட்டிப் பாருங்கள். வழு வந்தால் அஞ்சாது, அது கூறும் வரி இலக்கத்தை வாசியுங்கள். பிறர் எழுதிய விடையைப் பிரதி செய்பவர் ஒப்படையில் வெல்லலாம். பரீட்சை மண்டபத்தில் தனித்து நிற்பார்.

நேயர்களே, இதுவரை கூறியவை இக்கலையின் பயன்கள். இனிக் கூறப்போவது இதன் பொறுப்பு. வகுப்பு ஒன்றை வரைவது என்பது, உலகிலுள்ள ஒன்றைப் பற்றி எவை வேண்டும், எவை வேண்டா என்று தீர்ப்பளிப்பதாகும். தலைப்பு இல்லாத விவரத்துக்கு ஏட்டிலே இடம் இல்லை. ஏட்டில் இடம் இல்லாதது நாளடைவிற் கண்ணுக்கும் புலப்படாது போகும்.

சிறிய சான்றுகளிலிருந்து தொடங்குவோம். பெயருக்கு முன்னே தந்தையின் பெயரை முதலெழுத்தாக இடுவது நம் வழக்கம். குடும்பப் பெயர் என்பது நம்மிடையே பொதுவாக இல்லை. குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவத்தின் முன், நம் பிள்ளை தந்தையின் பெயரைத் தன் பெயராக்கி நிற்கின்றாள். வீட்டிலக்கமும் வீதியும் கேட்கும் படிவத்தின் முன், லயத்தில் வாழ்பவர் எதனை எழுதுவார்? தோட்டத்து மக்களின் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிச் செல்வதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. குறித்த நிறையை எட்டாத நாளுக்கு 'அரைப்பேர்' இட ஏட்டிலே இடம் உண்டு. அன்று கடும் மழை பெய்தது என்று எழுத இடம் உண்டா?

பெரிய சான்று ஒன்றும் நம் வரலாற்றிலேயே உண்டு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் 'பிரஜை' என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் எழுதியது. இலங்கையிற் பிறந்தாற் போதாது; தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்றது. மலையகத் தமிழரிற் பெரும்பாலானோர் அந்த வரைவிலக்கணத்துள் அடங்கவில்லை. மலை மாறவில்லை, மக்கள் மாறவில்லை, அவர்தம் உழைப்பும் மாறவில்லை. தலைப்பு மாத்திரமே மாறியது. அதன் விளைவுகளை முற்றாகத் தீர்க்க 2003 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் வேறு, செய்நிரல் வேறு என்பது உண்மையே. ஆனால், யார் உள்ளே, யார் வெளியே என்பதை வரைவிலக்கணமே தீர்மானிக்கின்றது என்ற பாடம் இரண்டுக்கும் ஒன்றே.

இம்முறையைக் கண்டவருள் ஒருவராகிய நைகார்ட் இதனை நன்குணர்ந்தவர். சிமூலா புகழ்பெற்ற பின்னர், 1970 களின் தொடக்கத்தில், அவர் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்து பணிபுரிந்தார். தொழிற்சாலைக்குக் கணினி வரும்பொழுது, அது தம் வேலையை எவ்வாறு மாற்றும் என்பதைத் தொழிலாளரே ஆராய்ந்து கருத்துரைக்க வழிசெய்வதே அப்பணியின் நோக்கம். 1975 இல் அந்நாட்டுத் தொழிற்சங்கங்களுக்கும் தொழில் தருநர்க்கும் இடையே கணினி முறைகள் பற்றித் தேசிய உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. டாலும் நைகார்ட்டும் 2001 ஆம் ஆண்டுக்குரிய டியூரிங் விருதைப் பெற்றனர். அடுத்த ஆண்டே இருவரும் காலமாயினர். பொருளையும் வகுப்பையும் உலகுக்குத் தந்தவர், அந்த வகுப்பினுள் எழுதப்படும் மனிதரையும் மறக்கவில்லை.

தோட்டங்களிலும் மின்னியல் தராசும் கணினிச் செக்ரோலும் நுழையத் தொடங்கிவிட்டன. அவற்றின் செய்நிரலை யாரோ எழுதத்தான் போகின்றனர். எழுதுபவர் மலையை அறியாதவராயின், அறிந்தே தீங்கு செய்ய வேண்டும் என்பதில்லை, அறியாமையே போதும். ஈரக் கழிவுக்குக் காரணம் கேட்கும் கதவையும், தன் கணக்கைத் தானே பார்க்கும் சாளரத்தையும், அவற்றின் அருமை தெரிந்தவரே நினைவில் வைத்து எழுதுவர். தாயின் கூடையோடு தராசடியில் நின்று வளர்ந்த பிள்ளைக்கு அந்த அருமையை எவரும் விரிவுரையிற் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே, "என்ன படிக்கிறாய், மகளே?" என்று கேட்கும் தாய்க்கு அவள் இவ்வாறு விடை கூறலாம்: "அம்மா, செக்ரோலின் தலைப்புகளை எழுதப் படிக்கிறேன்." நான்கு தலைமுறையாகப் பிறர் வகுத்த தலைப்புகளின் கீழே ஒரு வரியாக இருந்த குடும்பத்துக்கு, அந்த விடை சிறிய விடையன்று.